சோற்றை விடுவதா, குறைப்பதா?

திண்டுக்கல்லில் ஒருவர் "அரிசியைக் குறைக்கப் போறேன்" என்று சொன்னால் முதலில் கிடைக்கும் பதில் சிரிப்புதான். பிரியாணியால் பேர் வாங்கிய ஊர். 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய கடை, அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆனது. அந்தப் பிரியாணிக்கு உயிர் சீரக சம்பா. அதை விட்டுவிட்டாலும் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, பொழுது சாய்ந்தால் புரோட்டா என்று மூன்று வேளையும் மாவுச்சத்துதான் வயிற்றை நிரப்புகிறது. விளைவும் தெரிந்ததே. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர்.

அந்த ஒருவர் டாக்டரிடம் போய்விட்டு வந்ததும் அவர் முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, சோற்றை விட்டுவிடுவது. தமிழில் இதற்குப் பேலியோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவும் இதை வீட்டுக்கு வீடு பேச வைத்தன. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, இனிப்புப் பழம் எதுவும் கிடையாது. காலையில் நூறு பாதாம், பிறகு முட்டை, கறி, மீன், நெய், பனீர், தரைக்கு மேல் விளையும் காய்கள். இன்னொன்று, சோற்றைக் குறைப்பது. இலை அதே இலை, குழம்பு அதே குழம்பு. சோறு மட்டும் சுருங்கி, அந்த இடத்தில் பருப்பும் காயும் முட்டையும் பெருகும். சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐசிஎம்ஆரோடு சேர்ந்து 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து 2022-ல் வெளியிட்ட பரிந்துரை இந்த இரண்டாவது வழிக்கு எண் கொடுத்தது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்களுக்கு மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள்.

மாவுச்சத்தை ஒதுக்குவது புதிதல்ல. லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்த வில்லியம் பாண்டிங், ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டு இளைத்த கதையைச் சிறு நூலாகப் போட்டது 1863-ல். அமெரிக்க டாக்டர் அட்கின்ஸின் புத்தகம் 1972-ல் வந்தது. நம் ஊருக்கு வரத்தான் நாளாயிற்று.

இந்த இரு வழிகளையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பார்ப்பதுதான் வழக்கம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். இந்தியர்களின் சராசரிப்படி அதில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. கிராமில் சொன்னால் 310. இதை 52 சதவீதத்துக்கு இறக்கினால் 260 ஆகிறது. குறைந்தது 50 கிராம். வடித்த சோறு ஒரு கிண்ணத்தில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆக, குறைக்கச் சொல்கிறவர் கேட்பது ஒரு நாளில் ஒரு கிண்ணத்துக்குச் சற்று மேல். மறுபுறம், கடுமையான பேலியோக்காரர் நாள் முழுவதற்கும் வைத்துக்கொள்வதும் ஏறக்குறைய 40, 50 கிராம்தான். முன்னவர் இலையிலிருந்து எடுத்து வைப்பது எவ்வளவோ, பின்னவர் மிச்சம் வைப்பது அவ்வளவு. இடையில் இருநூறு கிராம் கிடக்கிறது. யாருக்கு எது ஒத்துவரும் என்ற கேள்வி முழுவதும் அந்த இருநூறுக்குள்தான் இருக்கிறது. இரண்டு முனையில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பலன் எதில் அதிகம்? முதல் ஆறு மாதத்தைப் பார்த்தால் விடுகிறவர் ஜெயிக்கிறார். 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 23 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மாவுச்சத்தை நன்றாகக் குறைத்தவர்களில் 57 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் ரத்தச் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இறங்கியது. மற்ற உணவுமுறைகளில் 31 சதவீதம். ஆனால் பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது. உடம்பு மாறியதைவிட ஆள் மாறியதுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆறு மாதம் விரதம் மாதிரி இருந்தவர், ஏழாவது மாதம் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருப்பார். இன்னொரு விஷயமும் உண்டு. முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டது என்று குதிப்பவர்களுக்கு இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்திருந்த கிளைக்கோஜன் கரையும்போது அதோடு கட்டுண்ட நீரும் போகும்.

குறைப்பவர்கள் தரப்பிலும் ஒரு பலவீனம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2022-ன் அந்த 49-54 சதவீதம் ஆயிரக்கணக்கானவர்களின் தட்டை மாற்றி வைத்துப் பார்த்த முடிவு அல்ல. இருக்கிற உணவுப் பழக்கத்தையும் ரத்தச் சர்க்கரையையும் வைத்துக் கணக்கு மாதிரி போட்டு எடுத்த எண். நம் மக்களின் தட்டிலிருந்து எழுந்தது என்பது அதன் பலம். நடத்திக் காட்டியது அல்ல என்பது அதன் குறை.

இனி இலைக்கு வருவோம். ஊரில் ஒரு மெஸ்ஸில் மத்தியானம் உட்கார்ந்து கவனித்தால் இரண்டு வழிகளின் குணமும் விளங்கிவிடும். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் பொரியலும் கூட்டும் அப்பளமும் வந்து விழும். அடுத்து சோற்று வாளி. முதல் சுற்று குழம்புக்கு. பேலியோக்காரர் இந்த இடத்திலேயே இலைக்கு மேல் கையை விரித்து, "சோறு வேணாம்ப்பா, ரெண்டு ஆம்லெட்டும் சுக்காவும் கொடு" என்று முடித்துவிடுவார். ஒரே ஒரு மறுப்பு. பரிமாறுபவர் ஒரு தடவை வியப்பாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். குறைப்பவர் பாடு அப்படியில்லை. குழம்புக்குக் கொஞ்சம் வாங்கியிருப்பார். ரசம் வரும்போது வாளியும் கூடவே வரும். "ரசத்துக்குக் கொஞ்சம் வச்சுக்கங்கண்ணே." சரி என்று தலையாட்டுவார். கடைசியில் மோர். "வெறும் மோரா குடிப்பீங்க? ஒரு கை வைக்கிறேன்." தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். மூன்றையும் கூட்டினால் மூன்று கிண்ணம், 135 கிராம். விடுகிறவர் ஒரு முறை மறுத்தால் போதும். குறைக்கிறவர் ஒவ்வொரு வேளையும் மூன்று முறை மறுக்க வேண்டும். எளிய வழி என்று பேர் வாங்கியது உண்மையில் கடினமான வழியாக இருப்பது இங்கேதான். மிதமானது சுலபம் என்று சொல்கிறவர்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களாக இருக்க முடியாது.

இதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. இலையில் முதலில் விழுவது காயும் கூட்டும்தானே, அதையே முதலில் சாப்பிட்டு முடித்துவிடலாம். நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் சிலரை வைத்து நடந்த சிறு பரிசோதனை, அதே சாப்பாட்டில் காயையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2015-ல் காட்டியது. நாமோ குழம்பு வரும்வரை பொரியலைத் தொடாமல் காத்திருப்போம், தொட்டுக்கொள்ள வேண்டும் என்று.

கடையில் நிலைமை இது என்றால் வீட்டில் தலைகீழ். சோற்றை விடுகிறவர் வீட்டில் அடுப்பு இரண்டாகிறது. பிள்ளைகளுக்கு இட்லி, இவருக்கு முட்டை. மாமியாருக்குக் குழம்புச் சோறு, இவருக்கு நெய்யில் வதக்கிய காலிஃப்ளவர். அந்த இரண்டாவது அடுப்பில் நிற்பது யார் என்று ஆண்கள் எழுதும் எடை குறைப்புக் கதைகளில் அதிகம் வருவதில்லை. நோயாளி ஆணாக இருந்தால் மனைவி தனியாகச் சமைத்துக் கொடுக்கிறார், வழி நடக்கிறது. நோயாளி அந்த மனைவியே என்றால்? எல்லோருக்கும் வடித்துப் போட்டு, கடைசியில் பானையில் மீந்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிறவர் அவர்தான். தனக்கென்று கறி எடுத்து வறுத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அவருக்குக் குறைக்கும் வழிதான் கைகூடும். அதற்கும் உலையில் போடும் அரிசியை அளந்தே குறைத்துப் போட வேண்டும். மீந்தால்தானே சாப்பிடுவார்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, மானிய விலையில் முப்பது ரூபாய். ஒரு குடும்பத்தின் தட்டில் அரிசி ஏன் குவிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. சோற்றை விடுவது என்றால் இலவசமாக வருவதைத் தள்ளிவிட்டு, காசு கொடுத்து வாங்குவதால் வயிற்றை நிரப்புவது. பேகம்பூரில் வசதியான வியாபாரக் குடும்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை. அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. கறிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். ஆனாலும் சின்னாளப்பட்டியில் சேலைத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மூன்று வேளையும் கறி முட்டை என்றால் கூலியில் பாதி அதற்கே போகும்.

நூறு பாதாம் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நூறு பாதாம் என்றால் நூறு கிராமுக்கு மேல். மாதத்துக்கு மூன்று கிலோவைத் தாண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பாதாமில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலில் வருவது. ஊரைச் சுற்றி நிலக்கடலை விளைகிறது. நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம், பாதாமில் 21. மாவுச்சத்தும் கடலையில் அதிகமில்லை. ஆனால் கடலை பயறு வகை என்பதால் பேலியோ விதி அதைத் தள்ளி வைக்கிறது. கற்கால மனிதன் கடலை தின்னவில்லையாம். பேலியோக்காரர்கள் குடிக்கும் பட்டர் டீயையும் அவன் குடித்திருக்க மாட்டான் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு உணவுமுறையை எடுத்துக்கொள்ளும்போது அதன் கதையை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மாவுச்சத்துக் கணக்குக்குள் அடங்கினால் கடலையை அவித்தோ வறுத்தோ தாராளமாகச் சாப்பிடலாம்.

குறைக்கும் வழியின் உண்மையான சிக்கல் அரிசியில் இல்லை, புரதத்தில் இருக்கிறது. 2,000 கலோரியில் 20 சதவீதம் புரதம் என்றால் 100 கிராம். நம் சராசரி 12 சதவீதம், 60 கிராம். மிச்சம் நாற்பதை எங்கிருந்து கொண்டுவருவது? நாமக்கல் முட்டை இரண்டு, 12 கிராம். ஒரு கை கடலை, ஏழு. ஒரு கிண்ணம் சுண்டல், எட்டோ ஒன்பதோ. ஒரு டம்ளர் தயிர், ஆறு, ஏழு. இத்தனையும் சேர்த்தும் முப்பத்தைந்தில் நிற்கிறது. இதைச் சேர்க்காமல் வெறுமனே சோற்றை மட்டும் குறைத்தவர்கள் நான்கு மணிக்குப் பசித்துப் போய் டீக்கடையில் இரண்டு பஜ்ஜியோ, தேங்காய் பன்னோ வாங்கிச் சாப்பிடுவார்கள். எடுத்த ஐம்பது கிராம் அங்கே திரும்பி வந்துவிடும். "குறைச்சுத்தான் சாப்பிடுறேன், சுகர் இறங்க மாட்டேங்குது" என்பவர்களில் பலருடைய கதை இதுதான். இந்த விஷயத்தில் பேலியோ தெளிவானது. கறியும் முட்டையும் கொழுப்பும் பசியை அடக்கிவிடுகின்றன.

இடையில் மூன்றாவதாக ஒன்று ஊரில் உலவுகிறது: சிறுதானியம். அரிசியை விட்டுவிட்டுக் கம்பு, சோளம், சாமைக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளம் இன்றும் உண்டு, பெரும்பாலும் மாட்டுக்குத் தீவனமாக. கோடையில் தெருவோரத்தில் கம்பங்கூழ் வண்டி நிற்கும். பாட்டி காலத்துச் சாப்பாடு, தெம்பான சாப்பாடு, இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவுச்சத்தைக் குறைக்கும் சாப்பாடா? நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். சோளத்தில் 68, கேழ்வரகில் 67, சாமையில் 65, கம்பில் 62. குறைவுதான், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. சிறுதானியத்தின் உண்மையான லாபம் நார்ச்சத்து. கம்பிலும் சோளத்திலும் அது தீட்டிய அரிசியைப் போல் மூன்று நான்கு மடங்கு. ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை இதை இன்னும் கறாராகச் சொன்னது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் நோய் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. அதே மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை போன்ற புரதத்தை வைத்தால் குறைகிறது.

எனவே சாமைச் சோற்றை மலைபோல் குவித்துச் சாப்பிடுகிறவர் விடுகிறவரும் இல்லை, குறைக்கிறவரும் இல்லை. நம்முடைய தாத்தாக்கள் கம்பஞ்சோறு தின்று நன்றாகத்தானே இருந்தார்கள் என்றால், அவர்கள் அதற்குப் பிறகு ஏர் பூட்டிப் போனார்கள். நாம் பல்சரில் ஏறிப் போகிறோம்.

காய் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் திண்டுக்கல் சொர்க்கம். ஒட்டன்சத்திரம் சந்தையில் இறங்கும் முருங்கையும் கத்திரியும் வெண்டையும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. நம் இலைக்கு வருவது ஒரு கரண்டி பொரியல். கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்ட நிழலில் வெண்ணெய்ப்பழம் காய்க்கிறது. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டிகேடி-1 என்று அதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. நூறு கிராமில் எட்டு ஒன்பது கிராம் மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி நார். இரண்டு வழிக்காரர்களும் சண்டையில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரே பழம் இதுவாகத்தான் இருக்கும். அதையும் ஜூஸ் கடையில் சர்க்கரை மூன்று கரண்டி போட்டு அடித்துத்தான் குடிப்பேன் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. சிறுமலை வாழைப்பழம் அப்படியல்ல; குறைக்கிறவர் ஒன்று சாப்பிடலாம், விடுகிறவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தில் வழிநெடுகப் புளியோதரையும் கடைசியில் பஞ்சாமிர்தமும் கிடைக்கும். அந்த நாட்களில் விடுகிறவரின் விதி உடையும். உடைந்தபின் பலர் திரும்பிப் போவதில்லை. குறைக்கிறவருடைய விதி வளைந்து கொடுத்துவிட்டு மறுவாரம் நிமிரும்.

உடம்புக்கு ஆபத்து எது என்று கேட்டால் விடுகிற வழியில்தான் கவனம் அதிகம் வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு மாவுச்சத்து மிகவும் குறைந்தால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோ அமிலத் தேக்கம் வரும் அபாயம் உண்டு. மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறியிருக்காது, ஆள் வாந்தியெடுத்துக்கொண்டிருப்பார். சிறுநீரகம் கெட்டவர்கள் புரதத்தை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. அது இரண்டு வழிக்கும் பொருந்தும். நெய்யும் வெண்ணெயும் கொழுத்த கறியும் கூடும்போது சிலருக்குக் கெட்ட கொழுப்பு எகிறும், சிலருக்கு எகிறாது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த 'சிலருக்கு' என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு பரிந்துரைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. சராசரி எடைக் குறைவு ஒன்றில் 5.3 கிலோ, மற்றதில் 6. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு பிரிவுகளுக்கு உள்ளேயும் முப்பது கிலோ வரை இளைத்தவர்களும் இருந்தார்கள், பத்து கிலோ வரை ஏறியவர்களும் இருந்தார்கள். மரபணுவைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்பே 2015-ல் இஸ்ரேலில் 800 பேரிடம் செய்த ஆய்வு, ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் ரத்தச் சர்க்கரை வெவ்வேறாக ஏறுவதைக் காட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இட்லி ஒத்துக்கொள்வதும் உங்களுக்கு ஏறிவிடுவதும் விதியின் சதியல்ல.

ஆக, என் முடிவு ஒருபக்கம் சாய்ந்ததுதான். திண்டுக்கல் சமவெளியில், குடும்பத்தோடு ஒரே உலையில் சாப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்குக் குறைக்கும் வழியே நிலைக்கும். ஆனால் புரதத்தைக் கூட்டாமல் அது வெறும் பட்டினி. தனியாகச் சமைத்துக்கொள்கிறவர், கறிச்செலவு தாங்குகிறவர், 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு எப்போதும் தோற்றுவிடுகிறவர், இவர்களுக்கு விடுகிற வழி நல்லது. கொஞ்சமாகச் சாப்பிடவே வராது, சாப்பிடாமல் இருக்க வரும் என்கிற மனிதர்கள் உண்டு. சிகரெட்டிலும் அப்படித்தான்.

தொடங்குகிறவர் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு வாரம் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிட்டு, சாப்பிடுவதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து நோட்டில் எழுதட்டும். பிறகு மத்தியானச் சோற்றை ஒரு கிண்ணமாக்கி, முட்டையோ சுண்டலோ சேர்த்து இரண்டு வாரம். எண்கள் இறங்கவில்லையா, ராத்திரி இட்லியையும் எடுத்துவிட்டு ஆம்லெட், காய் என்று பார்க்கலாம். மாத்திரை போடுகிறவர் இதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் சராசரிச் சர்க்கரையும் கொழுப்புப் பட்டியலும் சேர்த்து எடுத்து, மிச்சமிருக்கும் சோற்றில் எவ்வளவை வைத்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்யலாம்.